மாப்பிள்ளை வாட்ச்

“உனக்குப் பேச வருமாம்மா?”

பெண் பார்க்க வந்த அன்று ஸ்ரீகாந்தின் அம்மா ஹம்சாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஹம்சா தலையை ஆட்டினாள். அவர்களுக்கு அதுவே பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண், வாயடக்கம் வேறு. மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையனை எதிர்த்துப் பேச மாட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது பெண் வீட்டார் வழக்கம். புதுசு வேண்டாம் என்றான் ஸ்ரீகாந்த். “விண்டேஜ் போதும் அங்கிள். பழைய வாட்ச். நானே பார்த்து எடுத்துக்கறேன்.” ஹம்சாவின் அப்பா சந்தானம் பூரித்துப்போனார். எவ்வளவு எளிமையான பையன் என்று தான் வேலை பார்க்கும் லாலாகுடா ரயில்வே பணிமனை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த எளிமை ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் செகந்திராபாத்தில் ஒரு மாடிக் கடையில் உட்கார்ந்து தட்டுத் தட்டாக வாட்ச்களை ஒதுக்கிக்கொண்டிருந்தது. பழைய வாட்ச் வாங்குவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் வீடியோ பார்த்திருந்தான். வீடியோ பார்த்தவனுக்குக் கடைக்காரர் எதற்கு? சொந்தமாக ஒரு லென்ஸ் கொண்டுவந்து கண்ணில் இடுக்கிக்கொண்டு, பல்வலிக்காரன்போல முகத்தைக் கோணிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஹம்சா, அவன் காலையில் கொடுத்த நிச்சயப் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இங்க பாரு ஹம்சா, எழுத்து தடிப்பா இருக்கா? டயல் மேல பெயிண்ட் அடிச்சிருக்கான். இது பாலிஷ் போட்டுப் போட்டு, தேஞ்ச சோப்பு மாதிரி ஆயிடுச்சு. ஓரம் கூர்மையா இருக்கணும்.”

“அச்சா சல்தா ஸாப்,” என்றார் கடைக்காரர்.

“ஓடறது பெரிசில்ல பாய். ஒரிஜினலாங்கறதுதான் கேள்வி.”

ஹம்சா அவனைப் பார்த்தாள். முன்நெற்றியில் முடி அடர்த்தியாகத் தெரிவதற்கு ஏதோ கறுப்புப் பொடி தூவியிருந்தான். வியர்வையில் அது கரைந்து காதோரமாகக் கோடு போட்டு இறங்கியது. இதைக் கண்டுபிடிக்க லென்ஸ் தேவைப்படவில்லை.

எதுவும் தேறாததில், கூட வந்திருந்த சந்தானம் தவித்துப்போனார். தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி நீட்டினார். “மாப்பிள்ளை, இதைப் பாருங்க. எங்க மாமனார் எனக்கு நிச்சயத்துல போட்டது. உங்களுக்குப் பிடிச்சா இதையே போட்டுடலாம். வேண்டாம்னா நக்கோ சொல்லிடுங்க.”

ஸ்ரீகாந்த் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கோச்சுக்காதீங்க அங்கிள். டயல் ரீபெயிண்ட். ஒரு முள்ளு ஒரு வாட்ச்சோடது, இன்னொரு முள்ளு வேற எதோடதோ. சாவி டூப்ளிகேட். செத்த வாட்ச்சையெல்லாம் சேர்த்து ஒண்ணு கட்டியிருக்கான். இதைக் கட்டிட்டு ஆபீஸ் போனா சிரிப்பாங்க.” பிறகு அவர் மாதிரியே இழுத்து, “நக்கோ அங்கிள், நக்கோ,” என்றான்.

அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஹம்சாவுக்கு அருவருத்தது அதனால்தான். முள் ஒடிந்தது பணிமனையில். டயல் கெட்டது அவளால். சின்னவளாக இருந்தபோது, நீந்துகிறதா பார்க்கலாம் என்று வாளித் தண்ணீரில் போட்டாள். அப்பா அதட்டக்கூட இல்லை. கிடைத்த பெயிண்டை அடித்து வாங்கி மறுநாளே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

“ஹவ், ஆமா மாப்பிள்ளை, எனக்கென்ன தெரியும் இதெல்லாம்,” என்று சந்தானம் சிரித்தார். வாட்ச் இருந்த இடத்தில் மணிக்கட்டு வெளுத்திருந்தது. அதை மறு கையால் மூடிக்கொண்டார்.

ஸ்ரீகாந்த் அந்த வாட்சை ஒதுக்கியவற்றின் தட்டில் போட்டான். கடைசித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்ததும் அவன் முகம் மலர்ந்தது. “இதான். யாரும் திறந்ததே இல்ல. எவன் கையும் படல.” அதை அவள் முன்னால் ஆட்டிக் காட்டினான். “எப்படி இருக்கு, சொல்லேன். உனக்குப் பேச வரும்ல?”

ஹம்சா எழுந்தாள். தட்டிலிருந்து அப்பாவின் வாட்சை எடுத்தாள். மூடியிருந்த கையை விலக்கி, வெளுத்த இடத்தில் வைத்து ஸ்ட்ராப்பை மாட்டினாள். அது கிடந்த தட்டில் புடவைப் பையை வைத்தாள்.

“அங்கிள், என்ன இது?” என்றான் ஸ்ரீகாந்த், லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

அதற்குள் அவள் மாடிப்படியில் இறங்கிவிட்டாள். சந்தானம் பையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் இறங்கிப் போனார்.