பல்லைக் கடித்துச் சிரித்த முன்பாட்டு

1961ஆம் ஆண்டு ஆனி மாதம், வளையல் வியாபாரி கச்சு முகம்மது சைக்கிளில் காப்புப் பெட்டி கட்டிக்கொண்டு வந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம், அக்கராயன் பள்ளிக்கூடக் கொட்டிலில் கமலாசனி பாட வாய் திறந்தாள். அருந்ததியின் குரல் வந்தது. பக்கத்தில் அருந்ததி வாய் திறந்தாள். கமலாசனியின் குரல் வந்தது. மற்றபடி அன்று விசேடம் ஒன்றுமில்லை, நல்ல வெயில்.

காரணம் பாட்டுக்குழுவுக்கே தெரியும். கோயில் திருவிழாவுக்கென்று பரமலிங்கம் மாஸ்ரர் பதினொரு பெண்களைச் சேர்த்துப் பாட்டுக்குழு அமைத்து மூன்று வருடம். முன்பாட்டு அருந்ததிக்கு, பின்பாட்டு மிச்சப் பத்துப் பேருக்கும். அருந்ததி உச்சம் பிடித்தால் குளத்து மீன்கள் கட்டோரம் வந்து வரிசையாகத் தலை தூக்கும். கமலாசனியினுடையதோ அரிசி மில்லுக் குரல். மாஸ்ரருக்கு ஒரே சட்டம்: "முகத்திலை சிரிப்பில்லாமல் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்." கமலாசனியும் சிரித்தாள். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்ததில் கடைவாய்ப் பற்கள் இரண்டு மாவாகிப் போயின. பொறாமைக்கு இனிக் கடிக்கப் பல் இல்லை என்றான அன்றுதான் குரல் இடம் மாறியது.

மாஸ்ரர் நியாயக்காரர். குரல் எந்தத் தொண்டையிலோ முன்பாட்டும் அந்தத் தொண்டைக்கே என்றார். திருவிழாவன்று கமலாசனி முன்னுக்கு நின்று பாட, மீன்கள் வந்தன, சனம் உருகியது. வேலிக்கு அப்பால் காப்பு விற்றுக்கொண்டிருந்த கச்சு முகம்மது, "அருந்ததியக்கா என்ன மாதிரிப் பாடுறா!" என்றார். மேடையைக் காணாமல் அவரைச் சுற்றி நின்ற கூட்டம் ஓமென்று தலையாட்டியது. "பாடுறது நான்!" என்று கமலாசனி கத்தினாள். அதுவும் அருந்ததியின் குரலில்தான் வந்தது. "அருந்ததி பகிடி விடுறா" என்று வேலிக்கு அப்பால் சனம் சிரித்தது.

அருந்ததிக்குக் கவலையே இல்லை. "எடி கமலா, உன்ரை குரல் வலு உசாரடி" என்று சொல்லிவிட்டு, மில்லுக் குரலோடு வயலுக்குப் போய் ஒரு சத்தம் போட்டாள். காட்டுப்பன்றிகள் பூவரசங்குளம் வரை நிற்காமல் ஓடின. பிறகு ஊர் வயல்களுக்கெல்லாம் அவளே தொண்டை கிழியக் கத்தினாள். சத்தத்தைத் தூரத்தில் கேட்ட கமக்காரர்களோ, "கமலாசனியல்லோ எங்கடை நெல்லைக் காப்பாற்றினது" என்று பூசணிக்காய்களைச் சுமந்துபோய்க் கமலாசனி வீட்டில் இறக்கினார்கள். அவள் மறுக்கவில்லை. அவளுடைய குசினியில் நாற்பத்தேழு பூசணிக்காய்களைக் கண்ட அருந்ததி, "நல்லதடி" என்று சிரித்தாள். சிரிக்கும்போது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பல்லைக் கடித்தாள்.

அதற்கடுத்த செவ்வாய் குரல்கள் அவரவரிடம் திரும்பியிருந்தன. அருந்ததி முன்னுக்குப் போனதைக் கண்ட கமலாசனிக்கு மறுபடி வயிறு எரிய, ஐப்பசியில் திரும்பவும் மாறின. இப்படியே எட்டு வருடம் போயிற்று. ஆர்மோனியத்தைத் திறக்குமுன் மாஸ்ரர், "இண்டைக்கு ஆரிட்டை?" என்று கேட்பார். இருவரும் ஒருதரம் "ஆ" என்று பாடிப் பார்ப்பார்கள். நல்ல குரல் வந்தவள் முன்னுக்குப் போவாள். மற்றவள் பின்னுக்கு நின்று, சட்டப்படி, சிரிப்பாள்.