திங்கட்கிழமைக் காய்ச்சல்

பெரியவளுக்கு ஒரு ஸ்மூத்தி அடிக்க ஐந்து நிமிஷம் போதும். அதில் ஒரு நிமிஷம் மிக்ஸி ஜாரின் மூடியைத் தேடுவதில் போய்விடும். மாம்பழத்தையும் அன்னாசியையும் முந்தின நாளே நறுக்கி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்திருப்பாள். காலையில் அதில் வகைக்கு ஒரு பிடி, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று, பப்பாளி நாலு துண்டு, கெட்டித் தேங்காய்ப்பால் மூன்று கரண்டி, கெட்டிப்படுத்தும் பொடி ஒரு கரண்டி. ஐஸ்கட்டி மட்டும் கிட்டவே வரக் கூடாது. ஐஸ் உருகினால் தண்ணீர், தண்ணீர் என்றால் அப்பாவுக்கு ஆபத்து.

அப்பாவுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பாதி திரும்பி வந்தன, பேச்சு முக்கால்வாசி வந்தது. விழுங்குவதுதான் சரிவர வரவில்லை. தண்ணீராக ஓடும் எதைக் குடித்தாலும் கொஞ்சம் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடும். அங்கே தங்கினால் சளி, காய்ச்சல், அதற்கு மேலும். மருத்துவமனையில் விழுங்கப் பயிற்சி தருகிற அம்மா ஒரு முள்கரண்டியைப் பெரியவள் கையில் கொடுத்தார்.

"எது குடுத்தாலும் முதல்ல இதுல எடுத்துப் பாருங்க. ஒழுகக் கூடாது. குவிஞ்சு நிக்கணும். ஒழுகிச்சுன்னா குடுக்காதீங்க."

அன்றிலிருந்து முள்கரண்டியில் நிற்காத எதுவும் அப்பாவின் வாய்க்குள் போனதில்லை. பெரியவளின் கண்ணாடிக்கடை அவர்கள் வீடு இருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் இருந்தது. கடை என்றால் அவளுடையது அல்ல. மூக்குக்கண்ணாடிக்கு ஃப்ரேம் பொருத்தி, காது பக்கம் வளைத்துக் கொடுக்கிற வேலை. சாப்பாட்டு வேளைக்கெல்லாம் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்து, அடித்துக் கொடுத்து, துடைத்துவிட்டு இறங்குவாள். புருஷன் என்று ஒருவர் இருந்தார். இப்போது அவர் வேறொரு வீட்டில் புருஷனாக இருக்கிறார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஞாயிறுதான் சிக்கல். அன்றைக்குக் கடையில் நிற்க இடம் இருக்காது, மேலே வர முடியாது. அதற்குத்தான் தம்பி இருந்தான். அப்பா அவனைச் சின்னவன் என்பார்; அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பிரஷ் இல்லாமல் வாயாலேயே நாலு சுவர் அடித்துவிடக்கூடியவன். "ஞாயித்துக்கிழமை என்கிட்ட விடுக்கா, நீ நிம்மதியா போ" என்றான். பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலேயே இரண்டு டம்ளர் அடித்து, முள்கரண்டியில் பார்த்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு இறங்குவாள்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா இருமினார். மாலையில் உடம்பு சுட்டது. இரண்டு நாளில் சரியாயிற்று. அதற்கடுத்த திங்களும் அப்படியே.

முதலில் பெரியவள் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டாள். அடித்து வைத்தது நேரமாக ஆக நீர்த்துப் போகிறதோ? ஒரு டம்ளரை வைத்து மணிக்கொரு தடவை முள்கரண்டியில் எடுத்துப் பார்த்தாள். குவிந்துதான் நின்றது. ஆனாலும் கெட்டிப்படுத்தும் பொடியை அரைக் கரண்டி கூட்டினாள். திங்கட்கிழமை இருமல் வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழுது என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரு முறை உண்டு. அன்று மாலை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைச் சொன்னார்.

"எல்லாத்தையும் ஒண்ணா நோண்டக் கூடாது பெரியவளே. ஒரு பாகத்தைக் கழட்டு. ஓட்டிப் பாரு. சத்தம் நின்னுச்சுன்னா அதுதான் கோளாறு. நிக்கலைன்னா அடுத்ததைக் கழட்டு."

"அப்ப எதை முதல்ல நிறுத்தட்டும்ப்பா? உங்களுக்கு எது தொண்டையில நெருடுது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அன்னாசியா இருக்கும். புளிக்குது."

அன்னாசி என்றால் அப்பாவுக்கு உயிர். அதை அவரே சொன்னதால் பெரியவளுக்கு மனசு என்னவோ போல் ஆயிற்று. நிறுத்தினாள். திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது.

அடுத்த ஞாயிறு தம்பி புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "மாம்பழ நாரா இருக்கும்க்கா. நாரு தொண்டையில போய்ச் சிக்கும். வடிகட்டிப் பாரேன்." அவள் வடிகட்டினாள். மெல்லிய துணி வாங்கி அதில் பிழிந்தாள். அப்புறம் மாம்பழத்தையே நிறுத்தினாள். அப்புறம் பப்பாளியை. ஒவ்வொரு தடவையும் அப்பா உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அருமையா இருக்கும்மா" என்றார்.

இதற்கு நடுவில், ஐந்தாவது வாரம் காய்ச்சல் இறங்கவில்லை. மருத்துவமனையில் நாலு நாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வாய் வழியாக எதுவும் கிடையாது, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். நடைக்கூடத்தில் தம்பி அக்காவின் தோளைத் தட்டினான். "அழாதக்கா. கொஞ்சம் கவனமா அடி, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மிக்ஸியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். எட்டாவது வாரத்தில் தேங்காய்ப்பாலும் போய்விட்டது. மிச்சம் இருந்தது வாழைப்பழமும் பொடியும்தான். நாலு பழத்தில் தொடங்கி, போஸ்டர் ஒட்டுகிற பசையில் வந்து நின்றிருந்தாள்.

அந்த எட்டாவது ஞாயிறு ஒரு வாடிக்கையாளரின் ஃப்ரேமில் திருகு கழன்றுவிட்டது. சின்ன திருப்புளி வீட்டில் இருந்தது. பெரியவள் மாடியேறி, சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. சந்தோஷமாகத்தான் உள்ளே போனாள்.

மேசை மேல் ஃப்ரிட்ஜ் தண்ணீர் பாட்டில் வேர்த்துக்கொண்டு நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு டம்ளரில் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்பி இடது கையால் அவர் பின்தலையைத் தாங்கி, வலது கையால் மோவாய்க்குக் கீழே துண்டை ஏந்தியிருந்தான். ஒரு மிடறு, ஒரு இருமல், ஒரு துடைப்பு, அடுத்த மிடறு. பழகின கை. முதல் தடவை செய்கிறவனுக்கு அந்த லாவகம் வராது. பாத்திரம் கழுவும் தொட்டியில் அவள் காலையில் அடித்து வைத்த வாழைப்பழக் கூழ் பாதி ஓடியும் பாதி ஓடாமலும் கிடந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். "அக்கா, அப்பா தண்ணி தண்ணின்னு கேக்கறாரு. பாவமா இருக்கு. எனக்கு மனசு கேக்கல."

"எத்தனை நாளா?"

"நான் வர்ற அன்னிக்கு மட்டும்தான்."

"மாம்பழ நாருன்னு சொன்னியே."

சுவரே இல்லாத இடத்திலும் பெயிண்ட் விற்கிறவனுக்கு அன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"தண்ணி குடுத்ததை விடு. மனசு கேக்கல, சரி. நான் துணியில பிழிஞ்சுக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல நின்னு பாத்தியேடா. ஆஸ்பத்திரியில என் தோளைத் தட்டிக் கவனமா அடின்னு சொன்னியே."

"அவனைத் திட்டாத" என்றார் அப்பா. தண்ணீர் குடித்த குரல் களகளவென்று வந்தது. "நான்தான் சொல்லாதன்னேன். பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுக்க முடியுமா?"

"நான் யாருப்பா?" என்றாள் பெரியவள்.

அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். தப்புதான், இனிமேல் ஒரு சொட்டு தொட மாட்டேன், புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றார். பெரியவளுக்கு நெஞ்சு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பெற்றவர் அழுகிறார். கீழே வாடிக்கையாளர் வேறு கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். இறங்கிப் போய்த் திருகை முடுக்கிக் கொடுத்துவிட்டு, வரும்போது மாம்பழமும் அன்னாசியும் பப்பாளியும் வாங்கி வந்தாள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் போட்டு அடித்தாள். அப்பா வழித்து வழித்துச் சாப்பிட்டார். மன்னித்துவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர். இந்தத் தடவை அவள் எந்தப் பழத்தையும் சந்தேகப்படவில்லை.

புதன்கிழமை மூன்று பேரும் போனார்கள். கார் வைத்திருந்ததால் தம்பியும் வந்தான். பயிற்சி அம்மா அப்பாவின் மார்பில் கருவியை வைத்துக் கேட்டார், சீட்டுகளைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டு வாரமா இதே கதையா இருக்கே. வீட்டுல தண்ணி, டீ ஏதாவது குடுத்தீங்களா? யார் குடுத்திருந்தாலும் பரவாயில்ல, உண்மையைச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் குழாயா வேண்டாமான்னு நான் எழுதணும்."

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். தம்பி செல்போனைப் பார்த்தான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணியெல்லாம் யாரும் குடுக்கலம்மா. பாவம், எம் பொண்ணு வேலைக்குப் போறவ. ஓடியாந்து அவசரத்துல அடிக்கிறா. அளவு முன்னப்பின்ன ஆயிடுது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்பதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. அவளுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரியே சொன்னார். பயிற்சி அம்மாவின் முகம் இளகிவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு முள்கரண்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பயப்படாதீங்கம்மா. நிறைய பேருக்கு இது நடக்குறதுதான். முதல்ல இருந்து சொல்லித் தர்றேன். இப்படிப் பிடிங்க."

பெரியவள் அதை வாங்கவில்லை.

"எங்கப்பா பொய் சொல்றாருங்க" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. "எட்டு ஞாயித்துக்கிழமை தண்ணி குடிச்சிருக்காரு. நான் கண்ணால பாத்தேன். இவன்தான் குடுத்தான்."

பயிற்சி அம்மா தம்பி பக்கம் திரும்பினார். "அப்படியாங்க?"

தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா மிக லேசாகத் தலையசைத்தார். "நான் வாரத்துல ஒரு நாள்தான் மேடம் வர்றேன். எனக்கென்ன தெரியும்? அக்காவுக்குக் கொஞ்ச நாளா தூக்கமே இல்ல, அதான்."

அழுதால் தூக்கமில்லாதவள் என்பது உறுதியாகிவிடும் என்று பெரியவள் அழவில்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். மாம்பழம் ஒரு பிடி. அன்னாசி ஒரு பிடி. கனிந்த வாழைப்பழம் ஒன்று. பப்பாளி நாலு துண்டு. தேங்காய்ப்பால் மூன்று கரண்டி, பொடி ஒரு கரண்டி. ஐஸ் கூடாது. முள்கரண்டியில் குவிந்து நிற்க வேண்டும். காலை, மதியம், மாலை, ராத்திரி. எழுதித் தம்பியிடம் நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"அஞ்சு நிமிஷ வேலை. நாளுக்கு நாலு தடவை. அப்பா இன்னியிலேர்ந்து உன் வீட்டுல." பயிற்சி அம்மாவிடம் திரும்பினாள். "பாத்துக்கறவங்கன்னு படிவத்துல என் பேரு இருக்குல்லங்க. அதை அடிச்சிட்டு இவன் பேரை எழுதுங்க. பயிற்சியும் இவனுக்கே குடுங்க. அடுத்த காய்ச்சலுக்கு இவன்தான் பதில் சொல்லணும்."

"அக்கா, எனக்கு ஊர் ஊரா சுத்துற வேலை. இங்க பாரு, வேணும்னா சொல்லிடறேன்..." என்று பயிற்சி அம்மாவைப் பார்த்தான். "மேடம், நான்தான் குடுத்தேன். அப்பா கேட்டாருன்னு குடுத்தேன்."

வந்துவிட்டது உண்மை. நாலு வேளை மிக்ஸி போட வேண்டும் என்றதும், எட்டு வாரமாக வராதது ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. பயிற்சி அம்மா அதைப் படிவத்தில் எழுதினார். குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதினார். அப்பாவின் நுரையீரல் தப்பித்தது. பெரியவளுக்கு அதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பெரியவளே" என்றார் அப்பா. "என்னை அவன்கிட்ட விட்டுட்டுப் போறியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு திங்கக்கிழமையும் உங்ககிட்டதானேப்பா கேட்டேன், ஏன் இருமல் வருதுன்னு" என்றாள்.