தகரமும் அட்டையும்

அலமாரியின் மேல்தட்டில் இருந்தவற்றைத் தம்பி இரண்டு கைகளாலும் வாரினான். அவள் படுக்கைவிரிப்பை விரித்துப் பிடித்துக்கொள்ள, அதில் கொட்டினான். பிளாஸ்டிக் உறைகள் ஒன்றன்மேல் ஒன்று சடசடவென்று விழுந்தன. ஓர் அட்டைப் பெட்டியின் மூலை மடங்கியது. அப்பா பார்த்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியிருக்காது.

அப்பா உள்ளறைக் கட்டிலில் இருந்தார். விடிந்ததும் டீ எடுத்துக்கொண்டு போய் எழுப்பியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. இனி ஹாலுக்குக் கொண்டுவர வேண்டும். வருகிறவர்கள் உட்கார வேண்டும். சுவர்கள் நிரம்பிப்போனதால் ஹாலின் குறுக்கே போட்டிருந்த இந்த அலமாரிதான் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. முழுக்கப் பழைய சினிமாப் படங்களின் டிஸ்க்குகள். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்த காலத்திலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. ஆள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது, மீதியில் கொஞ்சம் கதை பார்க்கிறேன் என்பார்.

மூட்டையை இருவருமாகத் தூக்கிப் போய் உள்ளறையில் ஒரு மூலையில் வைத்தார்கள். காலி அலமாரியைப் பின்கட்டுக்குத் தள்ளினார்கள். பிறகு அப்பாவைத் தூக்கி வந்தார்கள். மூட்டையை விடக் கனம் குறைவாக இருந்தார்.

தம்பி அப்பாவின் கைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினான். எல்லோருக்கும் அதே நான்கு வாக்கியங்கள். நடுவில் திரும்பி, "அக்கா, தகரம்னு ஒரு நம்பர் இருக்கே, யாரு?" என்றான்.

"பழைய இரும்புக் கடையா இருக்கும். விடு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அடுப்படிக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினாள்.

தகரம் என்பவர் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். ஊரின் மறுகோடியில் இருந்தார். அவளும் அவரை நேரில் பார்த்ததில்லை. டிஸ்க் விற்கும் கடையில் அறிமுகமாகி, அப்பாவோடு தினமும் போனில் பேசுகிறவர். படம் டின் பெட்டியில் வந்தால்தான் வாங்குவார். அப்பாவுக்கு அட்டைப் பெட்டிதான் உயிர். அதனால் அப்பா அவருக்குத் தகரம் என்று பெயர் வைத்தார். அவர் அப்பாவை அட்டை என்றார். கடித்தால் விடாது என்ற அர்த்தத்தையும் சேர்த்துத்தான்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேச்சு. வீடு முழுக்கக் கேட்கும்; தனிக்குடித்தனம் போய்விட்ட தம்பிக்குத்தான் தெரியாது. டின் ஒருமுறை கீழே விழுந்தால் நசுங்கியது நசுங்கியதுதான், பிஸ்கட் வைக்கத்தான் லாயக்கு என்பார் அப்பா. அட்டை வெயிலில் வெளுக்கும், மழைக்காலத்தில் ஊறும், உருவும்போதெல்லாம் டிஸ்க்கைக் கீறும் என்பார் அவர். உனக்கு உருவத் தெரியவில்லை என்பார் அப்பா. பெட்டியின் முதுகில் படத்தின் பெயரை மேலிருந்து கீழாக அச்சடிக்க வேண்டுமா, கீழிருந்து மேலாகவா என்று ஒரு மழைக்காலம் முழுவதும் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு அதெல்லாம் சண்டையாகத்தான் கேட்டது. தினம் யாரோ ஓர் ஆள் போன் செய்து அப்பாவைக் கத்த வைக்கிறார் என்றுதான் தோன்றியது.

போன வாரம் அது நிஜமாகவே சண்டையானது. பியானோ பழுதுபார்க்கிறவன் ஒருவன் பனிக்காலத்தில் ஊரைவிட்டுப் போகிற கறுப்பு வெள்ளைப் படம். இருவரும் இளவயதில் பார்த்தது. புதிதாகச் சுத்தம் செய்து, டின்னில் ஒன்றும் அட்டையில் ஒன்றுமாக வெளியிட்டிருந்தார்கள். பேச்சு முற்றி, உனக்குப் படம் முக்கியமில்லை, பெட்டிதான் முக்கியம் என்றார் தகரம். அப்பா போனை வைத்துவிட்டார். மறுநாள் மூச்சுத் திணறல் வந்தது. சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நெஞ்சு ரொம்ப நாளாகவே அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். பேச்சைக் குறைக்கச் சொன்னார்.

முந்தாநாள் மதியம், அப்பா தூங்கியதும் அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி அடித்தது. தகரம். அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். வேண்டாதவர்களை வலிக்காமல் திருப்பி அனுப்புவது அவளுக்குக் கைவந்த கலை. அதே குரலில், அப்பா உங்களோடு பேச விரும்பவில்லை என்று சொல்லச் சொன்னார் சார், மன்னிக்கணும் என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து, "சரிம்மா." அவ்வளவுதான். அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். சோறு சூடாக இருந்தது என்பதுகூட அவளுக்கு இப்போது நினைவிருந்தது.

அன்று மாலை அப்பா, தகரம் கூப்பிட்டானா என்று கேட்டார். துணி மடித்துக்கொண்டே இல்லை என்றாள். நேற்று மாலை மறுபடியும் கேட்டார். இல்லப்பா என்றாள். உடம்பு தேறட்டும், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முற்பகலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிளினிக்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் நாற்காலிகளைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒல்லியான ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். அக்குளில் ஒரு துணிப்பை. அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், நீங்க அவருக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

"சும்மா தெரிஞ்சவன்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தம்பி அவள் அருகில் வந்து, அந்த இரும்புக் கடை நம்பர்தான் அப்பா அதிகம் பேசியது, அதனால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், ஆனால் அவர் இரும்புக் கடை இல்லையாம் என்றான். அவள் தலையாட்டினாள்.

சிறிது நேரம் கழித்து அவர் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார். ஹாலில் குறுக்கே ஓர் அலமாரி இருக்கும் என்று அவன் சொல்வானே என்றார். அவள் உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். விரிப்பில் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர் தரையில் உட்கார்ந்தார். மேலே கிடந்த கனமானவற்றை எடுத்துக் கீழே வைத்தார். நசுங்கியிருந்த அட்டை உறை ஒன்றைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். துணி இஸ்திரி போடுகிறவர் மாதிரி.

"என்மேல கோபமாவே போயிட்டான், இல்ல?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் பையிலிருந்து ஒன்றை வெளியே எடுத்தார். பியானோக்காரன் படம். மேலே சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை. "அட்டையிலயே வாங்கிட்டேன். அதைச் சொல்லத்தான் அன்னைக்குப் போன் பண்ணேன். அவன் ஒரு வாரம் என்னைக் கிண்டல் பண்ணுவான்னு நினைச்சேன்."

"அப்பா அப்படிச் சொல்லல சார்."

அவர் நிமிர்ந்தார்.

"பேச விரும்பலன்னு அப்பா சொல்லல. நானாத்தான் சொன்னேன். அவர் தூங்கிட்டு இருந்தார். பேசினா மூச்சு வாங்கும்னு..." மேலே சொல்லப் போனாள். அதுவும் முழு உண்மையில்லை என்று பட்டதும் நிறுத்தினாள். "நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அதான்."

அவர் கையிலிருந்த உறையைக் கீழே வைக்கவில்லை. "நீ அன்னைக்கு ரொம்ப மரியாதையாப் பேசினே. அதனாலதான் நம்பிட்டேன்."

ஹாலில் யாரோ இருமினார்கள். நாற்காலி இழுபட்டது. அவர் மெதுவாகக் கேட்டார். "அவன் என்னைக் கேட்டானா?"

"கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நீங்க கூப்பிடலன்னு சொன்னேன்."

அவர் அவளைத் திட்டியிருக்கலாம். அவள் அதற்குத் தயாராகத்தான் நின்றாள், கிட்டத்தட்ட ஆசையோடு. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பெண்ணை வெட்கப்படும் நேரத்தில் பார்க்கக் கூடாது என்பது போல.

"எப்போ கேட்டான்?"

"அன்னைக்குச் சாயங்காலம். நேத்தும் ஒரு தடவை."

"ரெண்டு தடவை கேட்டானா" என்றார் அவர். கேள்வியாகச் சொல்லவில்லை. தனக்குள் எங்கோ எடுத்து வைத்துக்கொள்வது போலச் சொன்னார்.

அறை வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "வண்டி வந்துடுச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் இதைப் பற்றி எப்போதும் பேசப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பாவைத் தூக்கியபோது அவரும் கூட்டத்தோடு நின்று கைகொடுத்தார். வண்டியில் ஏற்றும்வரை கூடவே வந்தார். அதற்கு மேல் வரவில்லை, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறேன் என்றார். அந்தப் படம் இங்கேயே இருக்கட்டுமா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் அதைப் பைக்குள் போட்டுப் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டார்.

வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே அவருடைய ஷூக்கள் இருந்தன. ஒரு காலை நுழைத்துக் குனியப் பார்த்தார். பாதிக்கு மேல் இடுப்பு வளையவில்லை. அவிழ்ந்த கயிறுகளோடு இரண்டடி வைத்தார். அவள் போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். வேண்டாம்மா என்றார். அவள் கேட்கவில்லை. வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி உள்ளேயிருந்து அக்கா என்று ஒருமுறை கூப்பிட்டான்.

ஒரு ஷூவைக் கட்டி முடித்து அடுத்ததை எடுத்தாள். கயிறு நைந்திருந்ததால் முடிச்சு நிற்காமல் நழுவியது. மறுபடி கட்டினாள். அவர் தடுமாறாமலிருக்க ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். பை தோளில் தொங்கியது. அவளுடைய தோளுக்குச் சற்று மேலே, எங்கே வைப்பது என்று தெரியாமல், அவருடைய இன்னொரு கை நின்றுகொண்டிருந்தது.