பன்னிரண்டு பொட்டு

தாம்பாளத்தில் மிச்சமிருந்த எண்ணெயைக் கொட்டும்போதுதான் முனிகிருஷ்ணன் அடியில் சிவப்பைக் கண்டான். விரலால் தொட்டான். நறநறத்தது. குங்குமம்.

தணிகாசலத்தின் அமெரிக்க வண்டிக்கான புது டாப்பெட்டுகள், வால்வைத் தள்ளும் குமிழ்கள், பன்னிரண்டும் நேற்றிலிருந்து அந்த எண்ணெயில்தான் ஊறிக் கிடந்தன. விடியற்காலையில் மனைவி தாட்சாயணி கூழ் கொண்டுவந்தாள். அவன் கை கழுவப் போனான். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் அவளால் இருக்க முடியாது. ஒவ்வொன்றின் தலையிலும் வைத்திருக்கிறாள். எண்ணெய் இறங்கும் துளை இருப்பதும் தலையில்தான். அரையிருட்டில் கவனிக்காமல் எல்லாவற்றையும் இன்ஜினில் பூட்டிவிட்டான்.

ஒரு துகள் போதும். டாப்பெட் இறுகிக்கொள்ளும், வால்வு மூடாது. மலை ஏற்றத்தில் இன்ஜின் படுத்துவிடும். பிரேக்கோ பழசு.

முதல் சவாரி தாட்சாயணிக்கு என்று பேச்சு. மடியில், திருப்பதி மலையில் முடியிறக்க வேண்டிய பிள்ளை. வண்டி கிளம்பிக் கால்மணி ஆகிறது.

சைக்கிளை எடுத்தான். மலைப்பாதை கேட் எட்டு மணிக்குத் திறப்பார்கள். மணி என்னவென்று தெரியவில்லை. கேட்கப் பயந்தான்.

மலையடிவாரத்தில், அலிபிரி கேட்டில் வண்டி வரிசையில் நின்றது. தணிகாசலம் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, நீயும் மொட்ட போட்டுக்க வந்துட்டியா?"

முனிகிருஷ்ணன் பானெட்டைத் தூக்கினான். ஸ்குரூடிரைவர் முனையை வால்வு மூடிமேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமில்லை. நான்காவதில் சன்னமாக, நகம் தட்டுவதுபோல்: டக், டக்.

"அணை. உள்ள குங்குமம் கீது."

"சாமி குங்குமம் இன்னா பண்ணும்? வண்டி பூன மாதிரி வந்துச்சி."

"நான்தாங்க வெச்சேன்," என்றாள் தாட்சாயணி பின்சீட்டிலிருந்து. "புள்ள போற வண்டியாச்சேன்னு."

"இந்த செட்டு மெட்ராஸ்லேர்ந்து வரவே இருவது நாளு," என்றான் தணிகாசலம். "திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கான்னு எல்லையில மறியல் பண்ணிக்கினு கீறானுங்க. இன்னொண்ணு எவன் கொண்டாருவான்?"

கேட் உயர்ந்தது. "பண்டி தீயண்டி!" என்று, வண்டியை எடுக்கச் சொல்லி, காவல்காரன் தெலுங்கில் கத்தினான். தணிகாசலம் கியரைப் போட்டான்.

முனிகிருஷ்ணன் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயிலின் ஒயரைப் பிடுங்கினான். மின்சாரம் தோள்வரை அறைந்தது. இன்ஜின் நின்றது.

"எறங்கு," என்றான் தாட்சாயணியிடம்.

பின்னால் ஹாரன்கள் அலறின. தணிகாசலம் அவன் அம்மாவை இழுத்துத் திட்டினான். தாட்சாயணி பிள்ளையோடு இறங்கி வந்தாள்.

"நடந்து ஏறலாங்களா?"

படிகள் எதிரே தொடங்கின. பிள்ளையை வாங்கக் கை நீட்டியவன், விரல் இடுக்கில் எண்ணெயும் சிவப்பும் இருப்பதைப் பார்த்தான். சட்டையில் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். சிவப்பு போகவில்லை.

"நீயே வெச்சிக்க," என்றான். "நான் பின்னால வரேன்."