பக்கத்து அறைக் கிட்டார்

பல்கலைக்கழகத்தில் குளிர்கால விடுமுறையில் ஊழியர் குடும்பங்களுக்கு மூன்று நாள் வகுப்புகள் வைத்திருந்தார்கள். அங்கே நூலகத்தில் வேலை பார்க்கும் அவள் ஆசைப்பட்டது ஓவிய வகுப்புக்கு. பெயர் கொடுக்கப் போன கணவனோ, அவளைக் குடும்பச் செலவுத் திட்ட வகுப்பில் தள்ளிவிட்டு, தனக்குக் கிட்டார் வகுப்பை எழுதிக்கொண்டு வந்தான். கையோடு புதுக் கிட்டாரும் வாங்கிவிட்டான்.

"நம்ம ரெண்டு பேர்ல உனக்குத்தானே பொறுப்பு ஜாஸ்தி!" என்று இளித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வகுப்பில் போய் உட்கார்ந்தால், பக்கத்து அறையிலிருந்து அவன் டொய்ங் டொய்ங் என்று கிட்டாரை மீட்டி அவள் உயிரை எடுத்தான்.

"இந்த வருஷம் உங்க வீட்டுல நடந்த பெரிய வீண் செலவு எது? எழுதுங்க," என்றார் ஆசிரியை.

எல்லோரும் பேனாவைக் கடித்தார்கள். அவள் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"எழுதுவானேன் மேடம்? நீங்களே கேளுங்க."