ட்ராமில் பெண் பார்த்தது

மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கு வரவில்லை. திராட்சைப் பந்தல் போட்ட முந்திரிகைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டும் ட்ராமுக்கு வரச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும் என்று அவன் தாய் மரியநாயகி சொன்னாளாம்.

பெயர்தான் ட்ராம், தண்டவாளம் கிடையாது. பழைய பஸ் ஒன்றின் பக்கங்களைத் திறந்து, இருக்க மர வாங்குகள் போட்டு, மணி ஒன்று கட்டியிருந்தார்கள். உரும்பிராயில் தொடங்கி, கோப்பாய், நீர்வேலி என்று போய் அச்சுவேலியில் வைன் செய்யும் தோட்டத்தில் திரும்பும். ஒரு டிக்கெட்டுக்கு எங்கேயும் இறங்கலாம், அடுத்த ட்ராமில் ஏறலாம்.

ஜெசிதாவுக்கு முப்பத்தொரு வயது. குருநகரில் கணிதம் படிப்பிக்கிறாள். இரண்டு சம்பந்தங்களை வேண்டாம் என்றவள். அன்று காலை வெளிக்கிடும்போது தகப்பன் கிறகோரி ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"மூண்டாவது முறை உன்னட்டைக் கேக்கமாட்டன்."

கோப்பாயில் பெரியவர்கள் பழம் பார்க்க இறங்கினார்கள். "நீங்கள் இருந்து கதையுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள் மரியநாயகி. மாப்பிள்ளை எமில்ராஜ் எதிர் வாங்கில் இருந்தான். நோர்வேயில் கப்பல் திருத்தும் இடத்தில் வேலை. பெரியவர்கள் பந்தலுக்குள் மறையும் வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஜெசிதா, ஒரு உதவி. என்னைப் பிடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

"ஏன்?"

"அங்கை எனக்கு ஒரு ஆள் இருக்கிறா. நாலு வருஷமாய் ஒண்டாய் இருக்கிறம். பிள்ளையும் ஒண்டு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது ஆறுதல்தான். "அப்ப அதை நீங்களே சொல்லலாமே."

"அம்மா தாங்கமாட்டா. இருதயத்திலை ஒப்பரேசன் செய்தவ."

"நான் சொன்னால் எங்கடை அப்பா நம்பமாட்டார். ரெண்டு தரம் மறுத்திட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

அவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். மணி அடித்தது, பெரியவர்கள் திரும்பி வந்து ஏறினார்கள்.

அச்சுவேலியில் எல்லோரும் இறங்கினார்கள். தோட்டக்காரர் பீப்பாவைத் திறந்து சின்னச் சின்னக் கிளாஸ்களில் வைன் வார்த்துக் கொடுத்தார். கிறகோரி இரண்டாவது கிளாஸையும் குடித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ஜெசிதா கண்டு நாளாகியிருந்தது.

"பதினெட்டாந் திகதி கலியாணத்துக்குக் கோயிலிலை பெயரைக் குடுப்பம்," என்றாள் மரியநாயகி.

ஜெசிதா எமில்ராஜைப் பார்த்தாள். பழம் எத்தனை நாள் புளிக்கவேண்டும் என்று அவன் தோட்டக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தான். இனிப் பொறுத்துப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது.

"அப்பா, உவருக்கு அங்கை ஒரு ஆளும் பிள்ளையும் இருக்கு. உவர்தான் எனக்குச் சொன்னவர்."

எமில்ராஜ் கிளாஸை மெதுவாக வைத்தான். "இல்லை அங்கிள். முந்தி ஒரு பெட்டையோடை பழகினனான் எண்டுதான் சொன்னனான். அது முடிஞ்ச கதை. உவ பிழையாய் விளங்கிப்போட்டா."

குரலில் ஒரு தடங்கலும் இல்லை. தான்தான் பிழையாகக் கேட்டோமோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது.

"இதுக்கும் ஒரு கதை வைச்சிருக்கிறாய்," என்று மகளிடம் சொன்னார் கிறகோரி.

திரும்பும்போது அவளைத் தகப்பனுக்கும் மரியநாயகிக்கும் நடுவில் இருத்தினார்கள். நீர்வேலியில் கொண்டக்டர், "இறங்கிறாக்கள் இறங்கலாம்," என்றான். அவள் எழும்ப, கிறகோரி மணிக்கட்டைப் பிடித்தார். முகத்தைத் திருப்பவில்லை, பிடியையும் விடவில்லை. இரண்டு வெள்ளைக்காரர்கள் இறங்கிப் பந்தலுக்குள் நடந்து போனார்கள். மரியநாயகி பையிலிருந்து பழம் ஒவ்வொன்றாக எடுத்து அவள் வாயருகே நீட்டினாள். விதையைத் துப்ப இடமில்லை. விழுங்கினாள்.

அதன்பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தாய் சேலை எடுத்தாள். மண்டபம் பேசியாயிற்று. பாடசாலையில் சக ஆசிரியைகள் கைகொடுத்து வாழ்த்தினார்கள். அவள் ஓம் ஓம் என்று வாங்கிக்கொண்டாள்.

பதினெட்டாந் திகதி வந்தது. கலியாணத்துக்குப் பெயர் கொடுக்க வருகிற இருவரையும் சுவாமியார் தனித்தனியாக விசாரிப்பது வழக்கம். எமில்ராஜ் முதலில் போனான். ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தான். ஜெசிதாவோடு கிறகோரியும் எழும்பினார்.

"நீங்கள் வெளியிலை இருங்கோ," என்று சொல்லிச் சுவாமியார் கதவைச் சாத்தினார்.

"ஒருத்தற்றை வற்புறுத்தலும் இல்லாமல்தானே சம்மதிக்கிறீர்?"

இத்தனை நாளில் முதன்முறையாக ஒருவர் அவளிடம் கேட்கிறார்.

"நான் சம்மதிக்கேல்லை, ஃபாதர்."

எல்லாவற்றையும் சொன்னாள். சுவாமியார் பேனையை மூடினார். "வெளியிலை நான் சொல்லட்டோ?"

"நான் சொல்லுறன்."

வெளியில் வந்து அவள் சொன்னதைக் கேட்டதும் கிறகோரி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டார்.

கலியாணம் நின்று எட்டு மாதமாகிறது. இன்றும் அவர் அவளோடு கதைப்பதில்லை. தேத்தண்ணீர் வேண்டுமென்றாலும் தாயிடம்தான் கேட்பார். வீட்டுக்குள் அவள் சத்தமில்லாமல் நடக்கப் பழகிவிட்டாள்.

போன கிழமை மரியநாயகி தொலைபேசியில் அழைத்தாள். நோர்வேயில் யாரோ உறவினர் எமில்ராஜையும் அந்தப் பெண்ணையும் ஒன்றாகக் கண்டுவிட்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மகன் இப்போது அழைப்பை எடுப்பதில்லையாம். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவுமில்லை. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டாள்.

"பிள்ளை ஆணோ பெண்ணோ எண்டு உம்மட்டைச் சொன்னவனோ?"

"சொல்லேல்லை, அன்ரி," என்றாள் ஜெசிதா.