ஒன்பதாம் தாங்கியின் பதிவு

தைவானின் தாய்சுங் துறைமுகத்தில் ஆ-தெங் கத்தினால் கிரேன் ஓட்டுபவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று காலை அவர் கத்தியது கணினிப் பதிவுகளைக் கவனிக்கும் கோ இங்சுன்னின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு.

"நேத்து சாயங்காலம் என் கையால 'தேறல'ன்னு போட்டேன். இப்ப பாரு, 'தேறியது'ன்னு பல்லைக் காட்டுது. ராத்திரியோட ராத்திரியா வெல்டு தானா ஆறிடுச்சா, தங்கச்சி?"

ஆ-தெங் அங்கே முப்பது வருடமாக வெல்டிங் பார்க்கும் பரிசோதகர். அவர் சொன்னது ஒன்பதாம் தாங்கியின் இரண்டாவது காலில் இருந்த வெல்டை. கடலடியில் நின்று காற்றாலையைச் சுமக்கும் நாலுகால் இரும்புக் கூடுகள் இந்தத் தாங்கிகள். ஒவ்வொன்றும் இருபது மாடி உயரம். கொரியாவின் தோங்யோங்கில் செய்து, கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து இறக்கி, மறுபடி சோதித்துவிட்டுக் கடலுக்கு அனுப்புவார்கள். ஒன்பதாவதைத் தூக்க மறுநாள் விடியலுக்கு நேரம் குறித்திருந்தார்கள்.

"கொரியாக்காரங்க அழிச்சிருக்காங்க. வேற யாரு?" என்றார் ஆ-தெங், வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு.

"அண்ணே, உக்காருங்க. யார் அழிச்சாங்கன்னு நான் சொல்றேன்."

அவள் சொல்ல முடியும். தாய்சுங், காவ்சியோங், தோங்யோங் என்று மூன்று இடங்களிலும் தனித்தனித் தரவுத்தளங்கள் இருந்தன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவை ஒன்றோடொன்று பேசி, ஓரிடத்தில் எழுதியதை மற்ற இரண்டிலும் எழுதிக்கொள்ளும். அந்தப் பேச்சை நடத்தும் நிரலை எழுதியவள் இங்சுன்தான். ஒரே வரியை இரண்டு ஊரில் மாற்றியிருந்தால், எதில் பிந்திய நேரம் இருக்கிறதோ அதுவே நிற்கும். தோற்ற வரியை நிரல் தூக்கியெறியாமல் ஓர் ஓரக் கோப்பில் போட்டு வைக்கும். அப்போது எல்லோரும் எதற்கு இந்த வீண்வேலை என்று கேலி செய்தார்கள்.

அந்தக் கோப்பைத் திறந்தாள். ஆ-தெங்கின் வரி அங்கே கிடந்தது: நேற்று மாலை நாலு நாற்பது. அதை வென்ற கொரிய வரியில் ஐந்து பத்து என்று இருந்தது. ஐந்து பத்துக்குத் தாய்சுங்கில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொரியாவில்...

கை அப்படியே நின்றது. கொரியாவில் ஐந்து பத்து என்றால் இங்கே நாலு பத்துதான். ஆ-தெங் எழுதியதுதான் பிந்தியது. ஒவ்வோர் ஊர்க் கணினியும் தன் ஊர் நேரத்தையே முத்திரை குத்தியிருந்தது. தைவானின் இரண்டு தளங்களோடு மட்டும் ஓடிய காலத்தில் அதில் ஒரு குறையும் இல்லை. மார்ச்சில் கொரியாவைச் சேர்த்தபோது, பழைய விதியை அப்படியே விட்டுவிட்டவளும் அவள்தான்.

"என் தப்புதான் அண்ணே. அவங்க ஒண்ணும் பண்ணல."

ஆ-தெங் மெல்லுவதை நிறுத்தினார். இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்ளும் ஆபீஸ்காரர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

திட்ட மேலாளர் லியாவ் பதறிக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் வடகிழக்குக் காற்று எழும். எழுந்தால் கடல் அடங்க வாரக்கணக்காகும்.

"ஒரு வெல்டுதானே? மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. நாளைக்குத் தூக்கிடலாம்."

"தூக்கக்கூடாது சார்."

"ஏன்?"

"ஒரு வரி தோத்திருந்தா வேற வரியும் தோத்திருக்கும். எத்தனைன்னு எண்ணாம அந்தக் கூட்டுக்குக் கீழ யாரையும் நிக்க விடமாட்டேன். மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க."

"மூணு மணிக்குள்ள ஏழு மாசத்தையும் பாத்துடுவியா?"

"பாத்துடுவேன்."

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. லியாவ் அவளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

தோங்யோங்குக்குப் போன் போட்டாள். அங்கே பதிவுகளைப் பார்த்துக்கொள்பவள் பியோன் க்யூ-ரி. தைபேயில் நாலு வருடம் படித்தவள். சீனம் சரளமாகப் பேசுவாள், சிரித்துக்கொண்டே குத்துவாள். விஷயத்தைக் கேட்டதும் குத்தினாள்.

"அப்போ மார்ச்லேர்ந்து நாங்க எழுதி ஒரு மணி நேரத்துக்குள்ள நீங்க எதைத் திருத்தினாலும் நாங்கதான் ஜெயிச்சிருக்கோமா? சொல்லியிருந்தா கொண்டாடியிருப்போமே அக்கா."

"கொண்டாட்டம் அப்புறம் வெச்சுக்கலாம். நேத்து நாலு மணிக்கு என்னத்தடி ஏத்தினே?"

"பழைய எக்ஸ்ரே சான்றிதழ். எங்க யார்டுல எடுத்தது. அப்ப அந்த வெல்டு நிஜமாவே தேறிச்சு. கப்பல்ல ஆடி ஆடி வந்ததுல விரிசல் விட்டிருக்கும்."

"சரி. என் ஓரக் கோப்பை அனுப்புறேன். மேலேர்ந்து நீ வா, கீழேர்ந்து நான் வரேன்."

மதியச் சோற்றுப் பெட்டி பிரிக்காமலே ஆறியது. தோற்ற வரிகள் மொத்தம் இருபத்தாறு. பெரும்பாலானவற்றில் இரு பக்கமும் ஒரே விடைதான். சிலவற்றை யாரோ பிறகு திரும்ப எழுதியிருந்தார்கள். கடைசியில் நாலு மிஞ்சின. ஒன்று வண்ணப்பூச்சின் கனம். ஒன்று ஒரு போல்ட் பெட்டியின் எண். மூன்றாவது ஆ-தெங்குடையது.

நாலாவதை இருவரும் ஒரே சமயத்தில் படித்தார்கள். க்யூ-ரியின் மூச்சு போனில் கேட்டது.

ஒன்பதாம் தாங்கி, இரண்டாம் தூக்குக் காது: மெல்லிய கோடு தெரிகிறது, மறுசோதனை வேண்டும். திங்கள் மதியம் எழுதியவர் சாய் என்ற இன்னொரு பரிசோதகர். எழுதிய கையோடு கல்யாண விடுப்பில் போய்விட்டார். பதிவில் இருக்கிறதே, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. கிரேன் கொக்கி மாட்டுவது அந்தக் காதில்தான்.

"அக்கா, அன்னிக்கும் சான்றிதழ் ஏத்தினது நான்தான்," என்றாள் க்யூ-ரி. இப்போது அவள் குரலில் சிரிப்பில்லை.

"உன் வேலையை நீ செஞ்சே. விதியை எழுதினவ நான். லைன்ல இரு."

ஆ-தெங் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். இங்சுன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் கழித்து அவர் இறங்கி வந்தபோது கத்தவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாலு விரல் நீளத்துக்கு விரிசல் இருக்கு. உள்ளுக்குள்ளயே ஓடுது," என்றார். பிறகு, பாக்கைக் குப்பையில் துப்பிவிட்டு, "நாளைக்குக் கயிறு பிடிக்கிற பதினெட்டுப் பேர்ல என் மருமகனும் ஒருத்தன்," என்றார்.

லியாவ் வந்து விஷயத்தைக் கேட்டார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

"பத்தாவது கூடு தயாரா நிக்குது. அதைத் தூக்கலாமா? இல்ல, அதிலயும் ஏதாவது தோத்திருக்கா?"

"ஒரு வரிகூட இல்ல சார். ரெண்டு பேரும் தனித்தனியா பாத்துட்டோம். காதுகளை ஆ-தெங் அண்ணன் ஒருதடவை கையால பாத்துட்டார்னா தூக்கலாம்."

"எழுத்துல குடு."

"உங்க மெயில்ல இருக்கு. தப்பு யாரோடதுன்னும் அதுல எழுதியிருக்கேன்."

லியாவ் படித்தார். "இதை எழுதணும்னு அவசியமில்லையே, இங்சுன்."

"எழுதலன்னா எல்லாரும் கொரியாவைத்தான் சொல்வாங்க."

விடியலில் பத்தாம் தாங்கி சிணுங்காமல் எழுந்தது. காற்று வருவதற்குள் கடலில் கால் ஊன்றிவிட்டது. ஒன்பதாவதற்குத் தோங்யோங்கிலிருந்து ஆட்கள் வந்து காதை வெட்டியெடுத்துப் புதிதாகப் பொருத்தினார்கள். ஆ-தெங் அவர்களைப் பக்கத்திலேயே நின்று விரட்டினார், மாலையில் அவரே பியரும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே இங்சுன் மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தை வைத்தாள். அதோடு நிற்கவில்லை. இரண்டு ஊரும் வேறு வேறாக எழுதினால் இனி இயந்திரம் தீர்ப்புச் சொல்லாது என்று மாற்றினாள். இரண்டு வரிகளும் சிவப்பில் நிற்கும். எழுதிய இருவரும் பேசி முடிவு செய்யும்வரை அந்தப் பொருளை யாரும் தூக்க முடியாது.

முதல் நாளே ஏழு சிவப்பு வரிகள் விழுந்தன.

"என்னம்மா இது, வேலையே ஓடாது போலிருக்கே!" என்று லியாவ் தலையில் கைவைத்தார்.

"ஓடும் சார். ஆறு முடிஞ்சுது, மணி பதினொண்ணுதான் ஆகுது," என்று சொல்லிவிட்டு இங்சுன் போனை எடுத்தாள். "க்யூ-ரி, மூணாம் கால் உயரம் நீ எப்படி அளந்தே? மில்லிமீட்டர் கணக்குல என் ஆளு உன்னோட சண்டைக்கு நிக்கிறாரு. இரு, குடுக்கிறேன்."

ஆ-தெங் போனைப் பிடுங்கிக்கொண்டார்.